சத்துக் காணாது

செடி வளர்ப்பவர்கள் ஓர் இனம். செடி வளர்ப்பவர்களின் வீட்டுக்குப் போய், அந்தச் செடிக்கு என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று சொல்பவர்கள் முற்றிலும் வேறோர் இனம். முதல் இனத்தால் உலகத்துக்குக் கொஞ்சம் பச்சை கிடைக்கிறது. இரண்டாவது இனத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே கண் பூச்சாடியைத் தேடும். நீங்கள் கதிரையை இழுத்துப் போட்டு "இருங்கோ" என்பீர்கள். அவர் கதிரையைத் தாண்டி, தொலைக்காட்சியைத் தாண்டி, காய்ச்சலில் படுத்திருக்கும் உங்கள் பிள்ளையையும் தாண்டி, யன்னலோரம் நிற்கும் சாடியிடம் போய், சுட்டுவிரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டு, வெளியே இழுத்து, மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஓடி வந்ததும் உண்டு. பிறகு தீர்ப்பு வரும்.

"சத்துக் காணாது."

இந்த இனத்தில் ஒருவராவது, ஒரு தடவையாவது, "இந்தச் செடி நன்றாக நிற்கிறது, இதை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள்.

இத்தாலியின் பலேர்மோ நகரத்துத் தமிழர்களிடையே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டில், இந்த இனத்தின் முடிசூடிய தலைவராக இருந்தவர் கோபாலசிங்கம். காலையில் லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா அம்மாளின் வீட்டில் துப்புரவு வேலை. பின்னேரத்தில் ஊரார் வீட்டுச் செடிகளுக்கு வைத்தியம். கிளிநொச்சியில் ஓர் உரக் களஞ்சியத்தில் பதினொரு மாதம் இருந்தவர் அவர். என்ன வேலை என்று கேட்டால் "விவசாயப் பகுதி" என்பார். அவரோடு ஒரே அறையில் குடியிருந்த அருளையாவுக்கு மட்டும்தான் உண்மை தெரியும்: லொறி வந்தால் கேற்றைத் திறப்பது, லொறி போனால் கேற்றைப் பூட்டுவது.

உரக் களஞ்சியத்தில் இருந்தவர் செயற்கை உரத்தின் பக்கம் சாய்வார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. "உள்ளை இருந்து பாத்தவன் நான். அது மண்ணுக்கு நஞ்சு. கெமிக்கலைக் கையாலும் தொடமாட்டன்" என்பார். அவருடையது எல்லாம் இயற்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போய், அங்கே மீன் சாப்பாட்டுக் கடைகளின் பின்வாசலில் நின்று, குடலும் செதிளும் தலையுமாக ஒரு வாளி நிறையச் சேர்த்துக்கொண்டு வருவார். அதில் சீனியைப் போட்டுக் கிளறி, மூடி, பால்கனியில் நாற்பத்தொரு நாள் வைப்பார். ஒருமுறை பஸ் ஒரு வளைவில் திரும்பியபோது மூடி கழன்றது. சாரதி பாதி வழியில் நிறுத்தி, கையைக் கூப்பி, அவரை இறங்கச் சொன்னார். கீழ்வீட்டுக்காரர்கள் உடுப்புக் காயப்போடும் கொடியைத் தெருப் பக்கத்திலிருந்து உள்முற்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். அருளையா கோடையிலும் யன்னலை இறுக்கி மூடிவைத்துத் தூங்கப் பழகினார்.

இனி அவருடைய வைத்தியத்தைப் பாருங்கள்.

குகனேஸ்வரி மொண்டெல்லோவில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்பவள். அவளுடைய குசினி யன்னலில், ஐந்து லீற்றர் ஒலிவ் எண்ணெய்த் தகரத்தில், ஒரு கறிவேப்பிலைக் கன்று நின்றது. யாரோ கொண்டுவந்த விதையில் முளைத்து, நான்கு மாரியைக் குசினிச் சூட்டில் கழித்து, நெஞ்சளவு உயரம் வந்திருந்தது. பலேர்மோவின் சந்தைகளில் கடலில் இருப்பதெல்லாம் கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்காது. ஆகவே நல்ல நாள் பெருநாளில் பதினொரு குடும்பத்துக் கறிச்சட்டிகள் அந்தத் தகரத்தை நம்பி இருந்தன. தை மாதத்தில் ஒரு நாள் கோபாலசிங்கம் தேத்தண்ணி குடிக்க வந்தார்.

"தங்கச்சி, உதென்ன அடியிலை ரெண்டு இலை மஞ்சளாக் கிடக்கு?"

"அது கிடக்கட்டும் அண்ணை. கன்று நல்லாத்தானே நிக்குது."

"நல்லா நிக்குதோ? ஆர் உனக்குச் சொன்னது? இது நிக்கேல்லைப் பிள்ளை, தாங்கிக்கொண்டு நிக்குது. நைட்ரசன் காணாது. நான் நாளைக்கு வாறன்."

"வேண்டாம் அண்ணை, உங்களுக்கேன் கரைச்சல்."

"எனக்கு என்ன கரைச்சல்?"

வந்தார். மீன் தண்ணீரை ஒரு பேணி ஊற்றினார். நான்காம் நாள் இலை நுனிகள் கருகின. "பசி கிளம்பியிட்டுது" என்று இன்னும் இரண்டு பேணி ஊற்றினார். இலைகள் சுருண்டன. சாம்பல் போட்டார். முட்டைக் கோதை இடித்துப் போட்டார். மூன்று வீட்டுக் கோப்பிச் சக்கையைச் சேர்த்துப் போட்டார். மண் புளித்து, மேலே வெள்ளையாகப் பூத்து, குசினியில் சின்னச் சின்ன ஈ மொய்த்தது. "அது நல்ல பூஞ்சணம்" என்று மோர் ஊற்றினார். பத்தொன்பதாம் நாள் தகரத்தில் ஒரு குச்சி மட்டும் நின்றது.

குகனேஸ்வரி அழுதாள். ஒரு செடிக்காகவா என்று சிரிக்க வேண்டாம். நான்கு வருடமாக அந்த வீட்டில் அவளுக்காகக் காத்திருந்த ஒரே உயிர் அதுதான். கோபாலசிங்கம் குச்சியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது நான் வர முந்தியே உள்ளுக்குச் செத்துப்போச்சு தங்கச்சி. நான் வந்தபடியாத்தான் பத்தொன்பது நாள் இருந்தது."

இப்படிப்பட்ட மனிதரைக் கோபிப்பது எப்படி? அவருக்கு மெய்யாகவே இரக்கம் உண்டு. தவறு என்ற ஒன்றுதான் அவரிடம் இல்லை. அதோடு அந்த மாதங்களில் அவர் தலையில் பெரிய பாரமொன்றும் இருந்தது. அவருடைய மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்தார்கள். மகளைப் பத்து மாதக் குழந்தையாக விட்டுவிட்டு வந்தவர். அவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் அவருடைய பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்குச் சிஞ்ஞோரா வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு வெளிநாட்டவர் பத்திரங்களைப் பார்க்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில், குறித்த நாளில், ஒரு பிழையும் இல்லாமல் போய் நிற்க வேண்டும். ஒரு சின்ன வழக்கோ ஒரு முறைப்பாடோ வந்தால் போதும், எல்லாம் பாழ். கையெழுத்துக் கிடைத்துவிட்டது. பங்குனி மாதம் பதினான்காம் திகதி என்று நாளும் வைத்துவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் மாட்டியாவின் அலுமாரி திறந்தது.

மாட்டியா சிஞ்ஞோராவின் ஒரே மகன். வயது இருபத்தேழு. ஒன்பது வருடமாகப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடமும் இரண்டாம் வருடமும் படித்துக்கொண்டிருந்தான். அவன் அறையைத் துப்புரவாக்கத் தேவையில்லை என்பது அவன் வைத்த சட்டம். ஒரு நாள் அவன் பூட்ட மறந்துவிட்டுப் போக, கோபாலசிங்கம் தும்புத்தடியோடு உள்ளே போனார். அலுமாரிக் கதவின் கீழே வெளிச்சம் தெரிந்தது. திறந்தார். உள்ளே சுவரெல்லாம் வெள்ளித்தாள், மேலே ஒரு பெரிய பல்ப், மூலையில் ஒரு சின்ன விசிறி, நடுவில் மூன்று சாடிகள்.

வாசகருக்கு ஒளிப்பானேன்? அது கஞ்சா.

கோபாலசிங்கத்துக்கோ கண் கலங்கிவிட்டது. விரித்த கைபோல ஒவ்வோர் இலையிலும் ஏழு விரல். "மரவள்ளி!" என்று தன்னையறியாமல் சொன்னார். மரவள்ளி இலையின் விளிம்பு வழவழப்பாக இருக்கும். இதில் அரிவாள் பல் இருந்தது. அதை அவர் காணாமலில்லை, கண்டார். பூச்சி அரித்திருக்கிறது என்று முடிவுகட்டினார். ஒரு கனத்த மணம் வந்தது. பக்கத்தில் இருந்த உரக் குப்பிகளைப் பார்த்ததும் அதற்கும் காரணம் புரிந்துவிட்டது. "கெமிக்கல்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மாட்டியா திரும்பி வந்தான். அலுமாரி திறந்திருந்ததைக் கண்டு அவன் முகத்தில் இரத்தம் இல்லை. கோபாலசிங்கமோ சுட்டுவிரலை மண்ணுக்குள் விட்டபடி, தன் அரைகுறை இத்தாலியனில் அவனுக்கு ஆறுதல் சொன்னார்.

"பயம் வேண்டாம். எங்கள் நாட்டில் இது எல்லா வீட்டிலும் உண்டு. பின்வளவில்."

"எல்லா வீட்டிலுமா?"

"எல்லா வீட்டிலும். சின்னப் பிள்ளையும் சாப்பிடும். ஐயரும் சாப்பிடுவார்."

"சாப்பிடுவதா?"

"அவித்து. சம்பலோடு."

மாட்டியா கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து வருடமாகத் தன் வீட்டில் நிலம் துடைத்த மனிதர் கிழக்கிலிருந்து வந்த ஒரு மகா குரு என்று அவனுக்கு அன்று தெரிந்தது. ஒரு கொப்பியை எடுத்து "அவித்து" என்று எழுதிக்கொண்டான். குரு குப்பிகளைத் தூக்கிக் குப்பையில் போட்டார். மறுநாள் வாளியோடு வந்தார்.

உங்களுக்குக் கதை தெரியும். மீன் தண்ணீர் முதலில். நுனி கருகியது. இன்னும் கொஞ்சம் மீன் தண்ணீர். மாட்டியா இரண்டாம் கிழமை மெதுவாகக் கேட்டான்: "கூடிவிட்டதோ?" கோபாலசிங்கம் சிரித்தார். "பிள்ளை அழும்போது பாலைக் குறைப்பார்களா?" என்றார். கிழங்கு பருக்கட்டும் என்று சாம்பலை அள்ளிப் போட்டார். இதற்கிடையில் குகனேஸ்வரிக்கும் ஒரு வாக்குக் கொடுத்தார். "உன்ரை கறிவேப்பிலை போச்சு எண்டு யோசியாதை. சித்திரைக்குள்ளை உனக்கு மரவள்ளிக் கிழங்கு தாறன்."

"பலேர்மோவிலை மரவள்ளியோ? ஆருக்குக் கதை விடுறியள்?"

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. காட்டாமல் விடுவதில்லை என்று தீர்மானித்தார்.

பங்குனி பதினான்கு. குவெஸ்தூராவின் வெளியே காலை ஏழு மணிக்கே வரிசை வளைந்து கிடந்தது. குகனேஸ்வரி முன்னால், கோபாலசிங்கம் நடுவில், அருளையா பின்னால். கோபாலசிங்கம் இஸ்திரி போட்ட சேட்டுப் போட்டிருந்தார். ஒரு கையில் பத்திரக் கோவை. சேட்டுப் பையில், மடியாமல் இருக்கட்டும் என்று மகளின் படத்தோடு சேர்த்து வைத்த ஓர் இலை. கதவருகே இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள்.

"தங்கச்சி, இஞ்சை திரும்பிப் பார்" என்று இலையை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "இது என்ன? சொல்லு. கதை விடுறனோ நான்? நுனியைப் பார், பொட்டாசியம் காணாது, அதுக்கும் மருந்து குடுத்துக்கொண்டிருக்கிறன்."

அருளையா எட்டிப் பார்த்தார். அவர் கப்பலில் வேலை செய்து நாலு துறைமுகம் கண்டவர்.

"அண்ணை, உள்ளை வையுங்கோ. உது கஞ்சா."

"என்ன?"

"கஞ்சா அண்ணை. கடவுளாணை."

கோபாலசிங்கம் இலையைப் பார்த்தார். விளிம்பில் அரிவாள் பல். பூச்சி அரித்தால் ஏழு விரலிலும் ஒரே அளவாக அரிக்குமா? அந்த மணம். அந்த வெள்ளித்தாள். அந்தப் பூட்டு. பார்த்த அந்த நொடியிலேயே எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. வவுனியாப் பள்ளிக்கூடமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. இலையைக் கீழே போட்டு மிதித்திருக்கலாம். "ஐயோ, தெரியாமல் போச்சு" என்று அருளையாவிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் குகனேஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கோ நீ மரவள்ளி படிப்பிக்கிறாய்?" என்றார் உரத்த குரலில். "மரவள்ளி இலையிலை வறை வறுத்துத் திண்டு வளந்தவன் நான்!"

சத்தம் கேட்டு ஒரு பொலிஸ்காரர் இவர்கள் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

கோபாலசிங்கம் இலையை வாயில் போட்டார். மென்றார். ஏழு விரலையும் காம்பையும் சேர்த்து விழுங்கினார். தவறு என்று ஒப்புக்கொள்வதைவிட அதைத் தின்றுவிடுவது இந்த இனத்துக்கு எப்போதும் சுலபம்.

பொலிஸ்காரர் வந்து, வரிசை சுவரோரம் நிற்க வேண்டும், நடைபாதையை மறிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"எப்பிடி அண்ணை வறை?" என்று குகனேஸ்வரி கேட்டாள்.

"உப்புக் காணாது" என்றார் கோபாலசிங்கம். நெற்றி முழுக்க வேர்வை.

பச்சை இலை அவரை ஒன்றும் செய்யவில்லை, பயம் செய்தது. கந்தோர் யன்னலில் கையெழுத்து வைக்கச் சொன்னபோது முதல் கையெழுத்தும் இரண்டாம் கையெழுத்தும் வெவ்வேறு மனிதருடையவையாக இருந்தன. மூன்றாம் தடவை சரிவந்தது. பெர்மெஸ்ஸோ கையில் வந்ததும் ஒரு தூணுக்குப் பின்னால் போய் மகளின் படத்தை எடுத்துப் பார்த்து அழுதார். இனி அந்த அலுமாரிப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை, மாட்டியாவோடு ஒரு சொல் கதைப்பதில்லை என்று முருகன் மேல் சத்தியம் செய்தார்.

நேரே வேலைக்குப் போனார். மாட்டியா அறை நிலத்தில் தலையில் கை வைத்தபடி இருந்தான். அலுமாரி திறந்து கிடந்தது. மூன்று செடிகளும் கருகி, தலை கவிழ்ந்து, சாடியின் விளிம்பில் தொங்கின. மண் மேல் வெள்ளை பூத்திருந்தது.

செத்துவிட்டன! கோபாலசிங்கத்தின் நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. இனி வழக்கில்லை, பொலிஸ் இல்லை, பயமில்லை. அவருடைய வைத்தியம் அவரைக் காப்பாற்றிவிட்டது. வாயை மூடிக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் இந்த மனிதரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம். ஆனால் மாட்டியா தலையை நிமிர்த்தி, "நீங்கள்தான் கொன்றீர்கள்" என்றான்.

"நானா?" என்றார் கோபாலசிங்கம். முருகன் மறந்துபோனார். வவுனியா மறந்துபோனது. சுட்டுவிரல் தானாக மண்ணுக்குள் போனது. "வேரில் உயிர் இருக்கிறது. இதற்குச் சத்துத்தான் காணாது. பதினைந்து நாள் தா, எழுப்பிக் காட்டுகிறேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் என்ன? திருப்பி எடுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. பெர்மெஸ்ஸோவைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டே நாளைக்கு எத்தனை பேணி ஊற்றலாம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அவரைக் காப்பாற்றியது சிஞ்ஞோராவின் மூக்கு. மூன்று கிழமையாக வீட்டில் எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்று தேடிக்கொண்டிருந்த அந்த அம்மாள், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வாசலில் வந்து நின்றார். செடி என்ன செடி என்று அவர் பார்க்கவில்லை. கருகிப்போன எதற்கும் பெயர் கிடையாது. "எல்லாவற்றையும் வெளியே எறி! இந்த நிமிடமே!" என்றார். மாட்டியாவால் வாய் திறக்க முடியுமா? கோபாலசிங்கம் மூன்று சாடியையும் கறுப்புப் பைகளில் கட்டித் தெருவில் குப்பையோடு போட்டார். திரும்பி வரும்போது படியில் நின்று, அந்த மண்ணை மட்டுமாவது எடுத்து வைத்திருக்கலாமே என்று ஒரு நிமிடம் யோசித்தார்.

எட்டு மாதம் கழித்து, நேப்பிள்ஸிலிருந்து காலைக் கப்பல் பலேர்மோ துறைமுகத்துக்கு வந்தது. மனைவி ஒரு பையோடு இறங்கினாள். அவள் சேலைக்குப் பின்னால் ஆறு வயது நிரோசினி ஒளிந்து நின்று, படத்தில் மட்டும் பார்த்திருந்த அப்பாவை எட்டிப் பார்த்தாள். கூட வந்திருந்த அருளையாவும் குகனேஸ்வரியும் சற்று விலகி நின்றார்கள். கோபாலசிங்கம் மகளின் முன்னால் முழங்காலில் இருந்தார். கொஞ்சப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் பெருவிரலால் பிள்ளையின் கீழிமையை இழுத்து, உள்ளே பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டார்.

"சத்துக் காணாது."

மனைவி பையை நிலத்தில் வைத்தாள். அவள் அந்தப் பிள்ளையைத் தோளில் சுமந்து காடும் கடலும் கடந்தவள்.

"அஞ்சு வருசமா நான் வளத்த பிள்ளை. ஒண்டும் காணாமல் இல்லை. முதல் தூக்குங்கோ."

தூக்கினார். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவர் விக்கி விக்கி அழுதார். அன்று பின்னேரமே மேசையில் ஒரு போத்தல் மீன் எண்ணெய் வந்து உட்கார்ந்தது. காலை ஒரு கரண்டி, மாலை ஒரு கரண்டி. பிள்ளை சத்தி எடுத்தால், இன்னும் ஒரு கரண்டி.

இன்னொரு சேதியும் உண்டு. குகனேஸ்வரி அந்த ஒலிவ் எண்ணெய்த் தகரத்தை எறிய மனமில்லாமல், மண்ணை மட்டும் கொட்டி மாற்றி, ஓரிடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு மறந்துபோனாள். மழையைத் தவிர யாரும் ஒன்றும் ஊற்றவில்லை. கோடை முடியும்போது அந்தக் குச்சியின் அடியில் ஒரு துளிர் வந்திருந்தது. இப்போது ஒரு சாண் உயரம்.

அது சரி, ஆரம்பத்தில் அந்தக் கன்றின் அடியில் இரண்டு மஞ்சள் இலை இருந்தன அல்லவா? ஏன் மஞ்சளாயின என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நீங்கள் அப்போதே கண்டுபிடித்துவிட்டீர்கள், இல்லையா? இரும்புச் சத்து என்று நினைத்தீர்களா? தண்ணீர் தேங்கியிருக்கும் என்றா? மீன் தண்ணீர் ஆகாது, புளித்த மோரை மட்டும் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு ஊற்றியிருந்தால் பிழைத்திருக்கும், இந்தக் கோபாலசிங்கத்துக்கு அளவு தெரியவில்லை என்று உங்களுக்குள் ஒரு குரல் சொன்னதா?

அவை பழைய இலைகள். விழுகிற வயது வந்தது, விழப்போயின. அவ்வளவுதான்.

அந்தத் தகரம் இப்போது எங்கே இருக்கிறது என்று குகனேஸ்வரி யாருக்கும் சொல்வதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை. நீங்கள் வந்துவிடுவீர்கள்.